பழைய பிஸ்டன் அனுப்பிய அத்தியாயங்கள்

"இனிமே இந்த வண்டியை ஒரு மெக்கானிக் தொடட்டும், பார்க்கிறேன்! தொட்ட கையை..."

வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று கண்ணாடிக்காரருக்குத் தெரியவில்லை. மனுஷர் மென்மையானவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊரில் பாதிப் பேருடைய மூக்கின் மேல் உட்கார்ந்திருப்பது அவருடைய பிழைப்புதான். வெட்டுவேன், குத்துவேன் என்பதெல்லாம் அவர் வாய்க்கு வராது. ஆகவே, "தொட்ட கையை... கழுவிட்டு வரச் சொல்லுவேன்!" என்று முடித்தார்.

"கழுவிட்டுத் தொட்டா எந்தக் கையும் நல்லதுதான்," என்றாள் அவர் மனைவி அம்மணி, கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்தப் பழைய மோட்டார் சைக்கிள் வீட்டு முன்னறையில் நின்றது. நின்றது என்பதே முகஸ்துதி. பாதிதான் நின்றது. மீதிப் பாதி வீடெங்கும் சுற்றுலா போயிருந்தது. பழக்கூடையில் பிஸ்டன். சோப்பு டப்பாவில் கார்புரேட்டர். தலையணை உறைக்குள் செயின். டேங்க் மட்டும் சோபாவில் சாய்ந்து, புது மாப்பிள்ளை மாதிரி முறுக்காக உட்கார்ந்திருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் தரையில்தான் உட்கார வேண்டும். வண்டிக்கு அவர் வைத்த பெயர் சிங்கம். அவள் வைத்த பெயர் இரும்புக்கடை.

அதைச் செய்த கம்பெனியே எப்போதோ இழுத்து மூடப்பட்டுவிட்டது. கடைசியாக வந்த மெக்கானிக் சிங்கத்தை ஏற இறங்கப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். கையெடுத்துக் கும்பிட்டார். "சார், வயசானவங்க மேல நான் கை வைக்கிறதில்ல," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். அதில் பிறந்ததுதான் இந்தச் சபதம்.

"ஏங்க, ஒரே ஒரு கேள்வி. மெக்கானிக் வேண்டாம், சரி. யாரு மாட்டப் போறது?"

"நான்தான்."

"கழட்டினது?"

"அதுவும் நான்தான்."

"அதான் கேட்டேன்."

"எனக்கு ரிப்பேர் தெரியாதுன்னு சொல்ல வர்றியா? அந்த பீரோ ஆட்டம் ஆடிக்கிட்டிருந்துச்சே, அதை யாரு சரி பண்ணது?"

அம்மணி பெருமூச்சு விட்டாள். பீரோ புராணம் தொடங்கிவிட்டால் குறுக்கே போகக் கூடாது. முன்னறை இரும்பு பீரோவுக்கு ஒரு கால் குட்டை. திறக்கும்போதெல்லாம் தடக் புடக் என்று ஆடும். ஒருநாள் கண்ணாடிக்காரர் கையில் அகப்பட்ட ஏதோ ஒரு தடிப் புத்தகத்தை எடுத்து அந்தக் காலுக்கு அடியில் சொருகினார். ஆட்டம் நின்றது. அந்த வீட்டில் அவர் தொடங்கி, அவரே முடித்து, பிறகு யாரும் திருத்த வேண்டியிராத ஒரே ரிப்பேர் அதுதான். அதைச் சொல்லிக்காட்டாமல் அவருக்கு ஒரு வாய் தண்ணீர் இறங்காது.

அம்மணிக்கும் வேலை உண்டு. வீட்டிலிருந்தபடியே அச்சகத்துக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்பாள். மிக்ஸி, தண்ணீர் மோட்டார், இஸ்திரிப் பெட்டி இதெல்லாம் வாங்கினால் கூடவே ஒரு சின்னப் புத்தகம் வருமே, நாமும் படிக்காமலே தூக்கிப் போடுவோமே, அதெல்லாம் அவள் கைவண்ணம். உலகத்திலேயே அதிகம் அச்சாகி, குறைவாகப் படிக்கப்படும் இலக்கியம். "ஈரக் கையால் தொடாதீர்" என்பதை விதவிதமாக எழுதுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் சகலையின் போன் வந்தது.

சகலை என்றால் அம்மணியின் அக்கா வீட்டுக்காரர். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். பக்கத்தில் உட்கார்ந்து பிறரை அதட்டியே பழகிய குரல். குசலம் விசாரிப்பதுகூட "மெதுவா... மெதுவா... இப்ப விடு!" என்கிற ராகத்தில்தான் இருக்கும்.

"சகலை! ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வர்றோம். நாலு நாள் தங்குறோம். எப்படி இருக்கு உங்க சிங்கம்? இன்னும் சாப்பிடாம படுத்திருக்கா?"

அதைத் தொடர்ந்து ஒரு சிரிப்பு. சகலையின் சிரிப்பு, பனிக்காலத்தில் உதைக்கப்படும் மொபெட் மாதிரி. க்ஹ்ர், க்ஹ்ர், க்ஹ்ர் என்று இழுக்கும்; பற்றிக்கொள்ளவே கொள்ளாது.

கண்ணாடிக்காரருக்கு ரோஷம் உச்சந்தலையில் ஏறியது. "வாங்க, வாங்க! உங்களைப் பின்னாடி உட்கார வெச்சு, நம்ம தெருவை ஒரு ரவுண்டு அடிக்கிறேன்!"

"அடிச்சிட்டா, இந்த ஜென்மத்துல உங்க வண்டியைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன். அடிக்கலைன்னா?"

"அடிக்கலைன்னா சிங்கத்தை நீங்களே ஏத்திட்டுப் போயிடுங்க!"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்ன என்று அவர் காதுக்கே கேட்டது. சகலைக்கு அந்த வண்டியின் மேல் வெகு நாளாக ஒரு கண். இவருக்கோ அதுதான் இரண்டு கண்ணும். உண்மையைச் சொன்னால் சிங்கத்தை அவர் ஒருநாள்கூட ஓட்டியதில்லை. வாங்கியபோதே தள்ளிக்கொண்டுதான் வந்தார். ஆனால் கடையில் யாராவது "இந்தக் கண்ணாடியில தூரம் நல்லாத் தெரியுது" என்று சொன்னால் போதும், அந்தத் தூரத்தில் அவர் சிங்கத்தின் மேல் போய்க்கொண்டிருப்பார்.

"ஐயையோ, அக்கா வராளா!" அம்மணிக்கு வேறு கவலை. "வீடு இருக்கிற லட்சணத்துக்கா! ஒட்டடையைப் பாருங்க, ஊஞ்சல் கட்டி ஆடலாம். ஜன்னல் கம்பி பூரா துரு. ஏங்க, கொஞ்சம் ஒரு கை கொடுங்களேன்."

"ஒரு கையா? எனக்கு இருக்கிறதே ரெண்டு. ரெண்டும் சிங்கத்துக்கு."

அம்மணி அவரைப் பார்த்தாள். அவர் கையைப் பார்த்தாள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எப்போதும் கொஞ்சம் முணுமுணுப்பாள். அன்று முணுமுணுக்கவில்லை. அனுபவமுள்ள புருஷனாயிருந்தால் அங்கேயே உஷாராகியிருப்பான்.

கண்ணாடிக்காரருக்கு உஷாராக நேரமில்லை. ஸ்பேனர் இருந்தது, ஆர்வம் இருந்தது. இல்லாதது ஒன்றுதான்: எதை எங்கே மாட்டுவது என்கிற விவரம். அதாவது சர்வீஸ் மேனுவல். வண்டியோடு ஒன்று வந்த ஞாபகம் லேசாக இருந்தது. பொடி எழுத்து, தடி அட்டை. எங்கே போட்டோம் என்பது மட்டும் ஞாபகமில்லை. சரி, வீட்டில் இல்லாவிட்டால் என்ன? இணையத்தில் இல்லாததா?

தேடினார். உலகத்திலுள்ள அத்தனை வண்டிக்கும் மேனுவல் கிடைத்தது. டிராக்டருக்குக் கிடைத்தது. பனிச்சறுக்கு வண்டிக்குக் கிடைத்தது. சிங்கத்துக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் "கிரீஸ் கைகள்" என்றொரு குழுவில் போய் விழுந்தார். பழைய வண்டிப் பைத்தியங்கள் ஒருவருக்கொருவர் மேனுவல் பகிர்ந்துகொள்ளும் இடம். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. எல்லாம் உதிரி பாகம்தான். குழுவை நடத்துகிறவர் பெயர் "செயின் ஸ்ப்ராக்கெட்". அவர் போலீஸ்காரர் மாதிரி பேசுவார்.

"புது ஆளா? விதி தெரியுமா? ஒண்ணு கொடுத்தாத்தான் ஒண்ணு. என்ன மேனுவல் வெச்சிருக்கீங்க?"

கண்ணாடிக்காரர் வீட்டை அலசிப் பார்த்து, மிக்ஸி மேனுவலைப் படம் பிடித்து அனுப்பினார்.

"இது என்ன?"

"இதுலயும் மோட்டார் இருக்குங்க."

குழுவே சிரித்து உருண்டது. அதன் பிறகு அங்கே அவர் பெயர் "சட்னி". அவமானம்தான். ஆனாலும் சட்னி மனம் தளராமல் சிங்கத்தின் படத்தைப் போட்டு, "இதற்கு மேனுவல் தந்து ஒரு குடும்பஸ்தன் மானத்தைக் காப்பாற்றுங்கள்" என்று எழுதி வைத்தார்.

மறுநாள் அம்மணி பீரோவுக்கு அடியில் வெகு நேரம் பெருக்கிக்கொண்டிருந்தாள். "ம்ம்," என்று அங்கிருந்து ஒரு சத்தம் வந்தது. "என்ன?" என்று கேட்டார் இவர். "தூசி," என்றாள் அவள்.

அன்று மாலையே செய்தி வந்துவிட்டது. அனுப்பியவர் பெயர்: பழைய பிஸ்டன்.

"அன்பரே, நீர் தேடும் நூல் என் வசம் உள்ளது. தமிழிலேயே தருகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. அத்தியாயம் அத்தியாயமாகத்தான் வரும். ஒன்றைச் செய்து முடித்துப் புகைப்படம் அனுப்பினால் அடுத்தது. அவசரம் என்ஜினுக்கு ஆகாது."

கண்ணாடிக்காரர் எகிறிக் குதித்ததில் சோபாவிலிருந்த டேங்க் உருண்டது. "கிடைச்சிடுச்சு! உலகம் பூரா தேடிக் கண்டுபிடிச்சிட்டேன்!"

"எங்க இருந்துச்சாம்?" என்று கேட்டாள் அம்மணி.

"யாரு கண்டா? ஏதோ கண்காணாத தேசத்துல இருப்பாரு போல."

"அப்படியா," என்றாள். என்னவோ பீரோவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

முதல் அத்தியாயம் வந்தது. என்ன அச்சு, என்ன அழகு! படத்துக்கு எண், எச்சரிக்கைக்குக் கட்டம், ஓரத்தில் அம்புக்குறி. தலைப்பு: "பணியிடத் தூய்மை." தூசிதான் என்ஜினின் முதல் எதிரி. என்ஜினைத் திறக்குமுன் பணியிடத்தில் ஒட்டடை அடிக்க வேண்டும். தரையைப் பெருக்க வேண்டும், இரண்டு முறை துடைக்க வேண்டும். எச்சரிக்கை: காற்று சுவர் பார்த்து வருவதில்லை, எனவே பக்கத்து அறைகளையும் சேர்த்துச் செய்க.

"பார்த்தியா! எவ்வளவு நுணுக்கமா எழுதியிருக்கான் கம்பெனிக்காரன்!" என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ஐயோ, என்னங்க இது, நீங்க போய் ஒட்டடை அடிச்சுக்கிட்டு! கொடுங்க இங்க, நான் பார்த்துக்கிறேன்." அம்மணி கம்பைப் பிடித்து இழுத்தாள். அவ்வளவு பலமாக இல்லை.

"கையை எடு! இது டெக்னிக்கல் வேலை. உனக்குப் புரியாது."

"சரிங்க, எனக்கென்ன புரியும்," என்று அவள் தோற்றுப்போய் நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டாள்.

படம் அனுப்பினார். பழைய பிஸ்டன் பார்த்தார். "மூன்றாவது மூலையில் ஒட்டடை தெரிகிறது," என்று பதில் வந்தது. கண்ணாடிக்காரர் ஆடிப்போனார். "என்ன கண்ணுய்யா இந்த ஆளுக்கு! நம்ம கடைக்கு வந்தா பரிசோதனையே தேவைப்படாது!"

மூலையும் சுத்தமானது. அடுத்த அத்தியாயம் வந்தது. இது கார்புரேட்டர். ஜெட்டை எப்படிக் கழற்றி ஊதுவது, ஊசியை எந்தக் காடியில் நிறுத்துவது, எல்லாம் கண்ணாடி மாதிரி படம். ஒவ்வொரு படத்தின் நடுவிலும் லேசாக ஒரு வட்டம், சாம்பல் நிறத்தில், அழுத்தினாற்போல.

"இது கம்பெனி முத்திரை. அசலுக்கு அடையாளம்," என்று அம்மணிக்கு விளக்கினார்.

"நான்கூட ஏதோ கறைன்னு நினைச்சேன்."

"நீ அப்படித்தான் நினைப்பே."

சொன்னபடி மாட்டினார். கார்புரேட்டர் சோப்பு டப்பாவை விட்டு வண்டிக்குப் போனது. வாழ்க்கையில் இரண்டாவது ரிப்பேர்! ஆனந்தத்தில் அவருக்குக் கண் பனித்தது. "குருவே!" என்று பழைய பிஸ்டனுக்கு எழுதினார். எழுதிவிட்டுப் பதிலுக்காகத் தவம் கிடந்தார். பக்கத்து அறையில் அம்மணி டக டக டக என்று தட்டிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்ச நேரம் அந்தத் தட்டலை நிறுத்தேன்! குரு பதில் எழுதிக்கிட்டிருக்காரு!"

அம்மணி நிறுத்தினாள். குருவும் நிறுத்திவிட்டார்.

"யோசிக்கிறாரு," என்றார் இவர் பக்தியோடு.

"யோசிச்சு முடிச்சிருப்பாரு, நான் தட்டட்டுமா?"

"சரி, தட்டு."

டக டக டக. டிங்! அத்தியாயம் மூன்று.

துரு நீக்கம். டேங்கில் கம்பி பிரஷ் வைக்குமுன் கை பழக வேண்டும். ஆகவே வீட்டில் உள்ள ஜன்னல் கம்பிகளில் பயிற்சி செய்க. "துருவுக்கு இரக்கம் காட்டாதே, இன்று விட்ட பொட்டு நாளை ஓட்டை." தேய்த்தபின் வண்ணம் பூசுக. பரிந்துரைக்கப்படும் நிறம்: இளம் பச்சை.

"அட, நீ கூட ரொம்ப நாளா ஜன்னலுக்குப் பச்சைதானே கேட்டுக்கிட்டிருந்தே?"

"ஆமாங்க. கம்பெனிக்காரனுக்கும் எனக்கும் ஒரே ரசனை."

அதற்கப்புறம் பிளக்கும் பாயிண்ட்டும். வட்ட முத்திரை உண்டு. அதற்கப்புறம் கரி நீக்கம். பிஸ்டன் தலையில் கரி படியும். அதைச் சுரண்டும் நிதானம் வர, அடுப்பில் கரி பிடித்த பாத்திரங்களைத் தேய்ப்பவர் முகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். தேய்த்தார். முகம் தெரிந்தது. மூக்கில் கரி இருந்தது. சுழலும் பாகங்களின் சமநிலையை அறிய மின்விசிறி இறக்கைகளைத் துடைத்தார். கழிவு எண்ணெய் வடிக்கும் தத்துவம் பிடிபட சமையலறைத் தொட்டியின் அடைப்பை எடுத்தார். அதிலிருந்து அம்மணியின் காணாமற்போன கம்மல் ஒன்று வந்தது.

"குருவுக்குத்தான் நன்றி சொல்லணும்," என்றார் நெகிழ்ந்து.

"நான் தினமும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றாள் அம்மணி, கம்மலைப் போட்டபடி.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது வீடு பளபளத்தது. சிங்கமும் பளபளத்தது. சுற்றுலா போன பாகமெல்லாம் ஊர் திரும்பிவிட்டது. கண்ணாடிக்காரர் கண்ணை மூடி, கிக்கரை மிதித்தார். ஒன்றுமில்லை. மிதித்தார். இருமல். மிதித்தார்...

டுக்கு... டுக்கு... டுக்குடுக்குடுக்குடுக்கு!

முன்னறையில் இடி இறங்கியது. பச்சை ஜன்னல்கள் நடுங்கின. புகைக்குள்ளிருந்து ஒரு குரல் அழுகையும் சிரிப்புமாகக் கேட்டது. "ஓடுது! ஏய், ஓடுது! வந்து பாரு!" அம்மணியும் ஓடி வந்து பார்த்தாள். அந்த ஒரு நிமிஷம் அவள் முகத்திலும் நிஜமான சந்தோஷம்தான். அடுத்த நிமிஷம் அவர் கிளட்ச்சைப் பிடித்து கியரைப் போட்டார்.

கிளட்ச் வேலை செய்யவில்லை. சிங்கம் பெயருக்கேற்றபடி பாய்ந்தது. சோபாவை ஒரு கடி கடித்துவிட்டு அணைந்தது.

"மெதுவா... மெதுவா... இப்ப விட்டிருக்கக் கூடாது!" வாசலில் பெட்டியும் கையுமாகச் சகலை. பின்னால் அக்கா.

"கிளட்ச் அத்தியாயம் இன்னும் வரலை, சகலை. வந்ததும் ரவுண்டுதான்."

"அதெல்லாம் கதை. பந்தயம் பந்தயம்தான். சாயங்காலத்துக்குள்ள ரவுண்டு இல்லைன்னா லாரிக்குச் சொல்லிடுவேன்." க்ஹ்ர், க்ஹ்ர், க்ஹ்ர். "அது என்ன அத்தியாயம்? கொண்டாங்க பார்ப்போம்."

பெண்கள் இருவரும் உள்ளே போனார்கள். சகலை சோபாவில் மிச்சமிருந்த இடத்தில் சாய்ந்து, போனை வாங்கிப் படிக்க ஆரம்பித்தார். படிக்கப் படிக்க அந்த மொபெட் சிரிப்பு வாழ்நாளில் முதல்முறையாகப் பற்றிக்கொண்டது.

"ஒட்டடை அடிச்சீங்களா! பாத்திரம் தேய்ச்சீங்களா! ஐயா, எந்தக் கம்பெனி மேனுவல்ல பாத்திரம் வருது? ஜன்னல் கம்பி! ஹையோ, வயிறு வலிக்குதே! துருவுக்கு இரக்கம் காட்டாதே, இன்று விட்ட பொட்டு நாளை..."

சிரிப்பு சட்டென்று நின்றது. பிரேக் அடித்த மாதிரி.

"நாளை ஓட்டை," என்றார் சகலை, அடுத்த பக்கத்தைத் திருப்பாமலே.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சகலை வாசலைப் பார்த்தார். சமையலறையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "சகலை, யார்கிட்டயும் சொல்லாதீங்க. எங்க வீட்டுக் கொட்டகையிலயும் ஒரு பழைய ஸ்கூட்டர் கிடக்கு. அதுக்கும் இவருதான் அனுப்புறாரு. பழைய பிஸ்டன். நான் மாடிப்படிக் கைப்பிடி பூரா தேய்ச்சேன். தண்ணித்தொட்டிக்குள்ள இறங்கினேன், சகலை!"

"தண்ணித்தொட்டியா?"

"குளிரூட்டும் முறைன்னு போட்டிருந்துச்சு."

இரண்டு பேரும் போனின் மேல் குனிந்தார்கள். பிறகு சகலை மெல்லக் கேட்டார். "இந்த வட்டம் என்ன?"

"கம்பெனி முத்திரை. அசல்."

"கார்புரேட்டர்ல இருக்கு. பிளக்குல இருக்கு. பாத்திரத்துல காணோமே?"

கண்ணாடிக்காரர் போனைப் பிடுங்கினார். பக்கம் பக்கமாகத் தள்ளினார். ஜன்னலில் வட்டமில்லை. ஒட்டடையில் இல்லை. மின்விசிறியில் இல்லை. நாள் முழுக்க வட்டமான கண்ணாடியையே அளக்கிறவருக்கு ஒரு வட்டத்தை இன்னொரு இடத்தில் பார்த்தால் தெரியாமலா போகும்? அவர் கண் தானாக நகர்ந்தது. சுவரோரம் போனது. கீழே இறங்கியது. இரும்பு பீரோவின் குட்டைக் காலில் போய் நின்றது. வட்டமான கால்.

மண்டியிட்டுக் குனிந்து பார்த்தார். காலுக்கு அடியில் ஒரு தடிப் புத்தகம் இருக்கத்தான் செய்தது. இழுத்துத் தலைப்பைப் படித்தார். "கண் பார்வை: அடிப்படைப் பாடங்கள்." அவருடைய சொந்தப் புத்தகம். அவர் வைத்தது இதுவல்ல.

"அதையா தேடுறீங்க?" சமையலறை வாசலில் அம்மணி நின்றாள். "நீங்க வெச்ச புத்தகம் என் மேசை டிராயர்ல பத்திரமா இருக்கு. பாவம், நடுவுல பள்ளம் விழுந்துபோச்சு. பீரோ ஆடக் கூடாதேன்னு இதை வெச்சேன். நீங்கதான் இதைப் படிக்கிறதில்லையே."

வெண்ணெயைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைந்திருக்கிறார் மனுஷர்!

"அப்போ... நீதானா பழைய பிஸ்டன்?"

"பிஸ்டன் சரி. பழையங்கிறதுதான் எனக்கும் பிடிக்கலை. நல்ல பேரெல்லாம் முன்னாடியே எடுத்துட்டாங்க."

"எனக்கு அனுப்பினது?" என்று சகலை பரிதாபமாகக் கேட்டார்.

"உங்க ஸ்கூட்டர் மேனுவலை அக்கா அனுப்பினா; அவ சொல்லச் சொல்ல நான் எழுதினது, அத்தான். தண்ணித்தொட்டி அவளோட யோசனை. எனக்குக்கூட அவ்வளவு தூரம் தோணலை."

உள்ளேயிருந்து அக்கா சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பு ஒரே உதையில் பற்றிக்கொள்ளும் ரகம்.

கண்ணாடிக்காரர் மார்பை நிமிர்த்தினார். "சரி, ஆனது ஆச்சு. கிளட்ச் அத்தியாயத்தை இப்பவே கொடு. சாயங்காலத்துக்குள்ள ரவுண்டு போகலைன்னா சிங்கம் லாரி ஏறிடும்."

"என்கிட்ட ஏன் கேக்குறீங்க? குருவைக் கேளுங்க," என்று அம்மணி தன் போனில் ஒரு தட்டு தட்டினாள்.

டிங்!

அத்தியாயம் பன்னிரண்டு. "விருந்துக்குப் பிந்தைய கரி நீக்கம்." விருந்தினர் சாப்பிட்டு முடித்ததும் எல்லாப் பாத்திரங்களையும் கழுவித் துடைத்து அடுக்க வேண்டும். எச்சரிக்கை: இப்பணிக்கு இரண்டு தொழில்நுட்பர்கள் தேவை.

"இதுல முத்திரை இல்லை!" என்று கத்தினார் கண்ணாடிக்காரர். "இது போலி!"

"போலிதான்," என்றாள் அம்மணி. "ஆனா அடுத்தது அசல்."

சகலைகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீங்க வேணா கழுவுங்க," என்றார் சகலை. "எனக்கென்ன? கிளட்ச் வரலைன்னா சிங்கம் எனக்கு."

"அத்தான்," என்று அம்மணி இனிமையாகக் கூப்பிட்டாள். "உங்க ஸ்கூட்டருக்கு பிரேக் அத்தியாயம் பாக்கி இருக்கில்ல?"

சகலை சட்டைக் கையை மடித்தார். "மெதுவா தேய்ங்க, சகலை... மெதுவா... இப்ப தண்ணி விடுங்க."

பாத்திரம் முடிந்தது, படம் போனது, கிளட்ச் வந்தது. நடுவில் வட்டம் பளிச்சென்று இருந்தது. கிளட்ச்சைத் தள்ளும் குச்சிக்கு முன்னால் போக வேண்டிய சின்ன இரும்புக் குண்டு பழக்கூடையிலேயே கிடந்திருக்கிறது. போட்டார், முறுக்கினார், பிடித்தார், விட்டார். சாயங்கால வெயிலில் சிங்கம் வாசல்படி இறங்கியது.

தெருவை ஒரு ரவுண்டு என்பதுதான் பேச்சு. கண்ணாடிக்காரர் மூன்று அடித்தார். ஜன்னல் ஜன்னலாகத் தலைகள். அவர் கொடுத்த கண்ணாடி வழியாகவே ஊர் அவரைப் பார்த்தது. இனி வாயே திறப்பதில்லை என்று சபதம் போட்ட சகலை, பின்னால் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "கிளட்ச்! கிளட்ச்! இடது பக்கம் நாய்! மெதுவா!" என்று மூன்று ரவுண்டும் வாய் மூடவில்லை. சிங்கம் லாரி ஏறாது. அது போதும்.

திரும்பி வந்து, வண்டியை நிறுத்தி, தலையைச் சிலுப்பிக்கொண்டார். வெற்றி தலைக்கு ஏறினால் நாக்கு சும்மா இருக்காது. வாசலில் டம்ளரும் கையுமாக நின்றிருந்த அம்மணியைப் பார்த்து, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்:

"இந்தா பார், இத்தோட சரி! இனிமே என்னை ஏமாத்த முடியாது. உன் சூட்சுமம் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. முத்திரை இருந்தா அசல், அட்சரம் பிசகாமச் செய்வேன். முத்திரை இல்லையா, திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். நீங்கதான் சாட்சி, சகலை!"

"சாட்சி," என்றார் சகலை.

"நியாயந்தாங்க," என்றாள் அம்மணி. டம்ளரில் மிச்சமிருந்ததைக் குடித்துவிட்டு, உள்ளே போய் மேசையில் வைத்தாள். காகிதம் சரசரத்தது. தட்டல் கேட்டது.

டிங்!

கடைசி அத்தியாயம். "காலமுறைப் பராமரிப்பு." ஆயில்: மாதம் ஒருமுறை. செயின்: வாரம் ஒருமுறை. பாத்திரம்: வேளைக்கு ஒருமுறை.

கண்ணாடிக்காரர் ஒரு வெற்றிச் சிரிப்போடு பக்கத்தின் நடுவைப் பெரிதாக்கிப் பார்த்தார். சிரிப்பு மெதுவாக இறங்கியது. வட்டம் இருந்தது. பீரோக்காலைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம், சரியாக ஒரு டம்ளர் அளவு, ஈரம்கூடக் காயவில்லை.

"சோப்பை எடுங்க, சகலை," என்றார். "முத்திரை இருக்கு."